நாற்பத்தொன்றாம் நகர்த்தல்

குவோப்பியோ தீயணைப்பு மண்டபத்தில்
மூன்று அடுப்பு; எரிந்தது ஒன்று.
போர் முடிந்து மூன்றாம் குளிர்காலம்.
காபி என்ற பெயரில் வறுத்த பார்லி.
பின்லாந்தின் சாம்பியன் யார் என்று தீர்க்க வந்த பன்னிருவரும்
மேலங்கி கழற்றாமல் ஆடினார்கள்.
கையுறையோடு குதிரையைத் தூக்கினால்
பக்கத்துச் சிப்பாயும் சாயும்.
‘சரிசெய்கிறேன்’ என்று சொல்லிவிட்டு நிமிர்த்துவார்கள்.

நான் நடுவர்.
பகலில் தபால் நிலையம், பதிவுத் தபால் ஜன்னல்.
ஒட்டிய உறையைப் பிரிக்காதவன்.
என்னைத் தேர்ந்தெடுக்க அது போதுமாயிருந்தது.

கடைசிச் சுற்று.
சுலோ ரந்தலா, தம்பெரேயின் பல் மருத்துவர்,
யோசிக்கும்போது தன் கடைவாய்ப் பல்லையே
நாக்கால் தட்டிப் பார்ப்பவர்.
எதிரில் ஏலிஸ் ஹௌத்தமாக்கி. வீப்புரிக்காரர்,
அதாவது வரைபடத்தில் இப்போது
எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஊர்க்காரர்.
கெமியில் மரம் அறுக்கும் ஆலையில் கணக்கு எழுதுகிறார்.
வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
இடக்கையால் எழுதுவார்,
பனியில் காகம் நடந்த மாதிரி.

ஏலிஸுக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.
அவர்தான் என்று அடுப்பருகே நின்றவர்கள்
கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.
மணி பத்து. ஆட்டம் ஒத்திவைப்பு.
அடுத்த நகர்த்தலைப் பலகையில் வைக்கக் கூடாது,
தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டித் தர வேண்டும்.
எதிராளி பார்க்கக் கூடாது.
நானும்.

இருபத்திரண்டு நிமிடம்.
பென்சிலை நாவில் நனைத்தார், எழுதினார்.
உறை என் கைக்கு வந்தபோது
அந்த மண்டபத்திலேயே வெதுவெதுப்பான பொருள் அதுதான்.

இரவு, வீட்டில், அதை வைக்க இழுப்பறையைத் திறந்தேன்.
அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.
தம்பி அந்தெரோவுக்கு, கள அஞ்சல் எண் போட்டு,
நாற்பத்துநான்கு ஜூனில் அனுப்பியது.
குறுக்கே ஒரு நீலப் பென்சில் கோட்டோடு
திரும்பி வந்தது.
உள்ளே இருப்பது எனக்குத் தெரியும், நான் எழுதியதுதானே:
படகுக்குத் தார் பூசியாயிற்று.
உன் சைக்கிளை விற்கவில்லை.
அப்புறம் ஒரு வரி. அது மறந்துவிட்டது.
அந்த ஒரு வரிக்காகப் பிரிக்கலாம் என்று
கத்தியை எடுத்ததுகூட உண்டு.
பெறுபவன் இல்லாத உறையை
அனுப்பியவன் பிரிக்கலாமா?
எங்கள் கையேட்டில் அதற்கு விதி இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுத் தூங்கினேன்.
தூங்கினேன் என்பது பேச்சுக்கு.

காலை ஒன்பது மணி.
எல்லோர் முன்பும் கத்தரியால் வெட்டினேன்.
‘கோட்டை, டி-ஏழு.’
கோணல் எழுத்து, ஆனால் படிக்க முடிகிற எழுத்து.
பலகையைப் பார்த்தேன்.
ஒரு கோட்டை பி-ஏழில்.
ஒரு கோட்டை டி-இரண்டில்.
இரண்டுக்கும் வழி திறந்திருக்கிறது.
எது என்று எழுதவில்லை.

எது போயிருந்தாலும் ஜெயித்திருக்கும்.
ரந்தலாவுக்கே தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இரு பொருள்படும் நகர்த்தலை எழுதியவர் தோற்றார்
என்று நான் அறிவித்த குரல்,
ஜன்னலில் ‘இங்கே கையெழுத்து’ என்பேனே,
அதே குரல்.

ஏலிஸ் வாதாடவில்லை.
“ராத்திரி முழுக்க எனக்கு
ஒரு கோட்டைதான் தெரிந்தது” என்றார்.
தொப்பியை எடுத்தார். வாசலில் நின்று,
“அந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளலாமா?”
விதிப்படி அது சங்கத்தின் சொத்து என்றேன்.
தலையாட்டிவிட்டு ரயிலுக்குப் போனார்.

சனிக்கிழமை
அதை ஓர் உறையில் போட்டு ஒட்டினேன்.
ஹௌத்தமாக்கி, ஆலைக் குடியிருப்பு, கெமி.
முத்திரையை நானே குத்தினேன்,
தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தி.

எட்டாம் நாள்
ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது.
பெற்றவர் கையெழுத்து என்ற கோட்டின் மேல்
காகம் நடந்திருந்தது.